உயரம் குறைவு, உடம்பு ஒல்லி... ஆனா உலகமே மிரண்டது! ஹாக்கி மேதை தயான் சந்த் யார்? நிஜம் எது, கட்டுக்கதை எது?

ஆகஸ்ட் 29 வந்தால் மம்சாபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் தேசிய விளையாட்டு தினம்தான். உறுதிமொழி எடுப்பார்கள், ஓட்டப்பந்தயம் நடக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள். அன்று யாருடைய பிறந்தநாள் என்று கேட்டால், மேடையில் இருக்கும் பெரியவர்கள் சிலரே கொஞ்சம் யோசிப்பார்கள்.

அது மேஜர் தயான் சந்தின் பிறந்தநாள். மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். நாட்டின் மிக உயரிய விளையாட்டு விருது இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதே மனிதர் கடைசிக் காலத்தில் பணத்துக்குச் சிரமப்பட்டு, டெல்லி மருத்துவமனையின் பொது வார்டில் உயிர்விட்டார்.

அவரைப் பற்றிப் பரவும் கதைகள் ஏராளம். ஹிட்லர் வேலை கொடுக்க முன்வந்தார், வியன்னாவில் நான்கு கை வைத்துச் சிலை இருக்கிறது, ஸ்டிக்கை உடைத்துக் காந்தம் தேடினார்கள்... இதில் எது நிஜம்? உயரமோ பருமனோ இல்லாத ஒரு சிப்பாய் எப்படி உலகத்தின் நம்பர் 1 வீரர் ஆனார்? விரிவாகப் பார்க்கலாம்.

மல்யுத்தம் பிடித்த பையன்

1905 ஆகஸ்ட் 29 அன்று அலகாபாத்தில் பிறந்தார் தயான் சிங். ஆமாம், பிறந்தபோது வைத்த பெயர் தயான் சிங்தான். அப்பா சோமேஷ்வர் சிங், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தவர். ராணுவக் குடும்பம் என்றால் சொல்லவா வேண்டும்? இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். மாற்றலுக்கு மேல் மாற்றல் வந்ததில் பையனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது. அதன்பிறகு சாகும்வரை அவருக்குச் சொந்த ஊர் ஜான்சிதான்.

சின்ன வயதில் ஹாக்கி மேல் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது என்பதுதான் ஆச்சரியம். பிடித்தது மல்யுத்தம். பின்னாளில் உலகமே கொண்டாடிய வீரர், பள்ளிக்கூடக் காலத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஹாக்கி ஆடியதே இல்லை.

17-வது பிறந்தநாளில், 1922-ல், ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் திருப்பம். அவர் சேர்ந்த படைப்பிரிவில் ஹாக்கிப் பைத்தியம் அதிகம். சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர்தான் இந்த ஒல்லிப் பையனைக் கவனித்து, ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, அடிப்படையைச் சொல்லித்தந்தவர். முதல் குரு அவர்தான்.

ராணுவத்தில் பகல் முழுக்க வேலை, அணிவகுப்பு. விளையாட்டுக்கு நேரம் எங்கே? வேலை முடிந்த பிறகு, இரவில் நிலா வெளிச்சத்தில் தனியாகப் பயிற்சி எடுப்பாராம். இந்தியில் சந்த் என்றால் நிலா. நிலாவுக்காகக் காத்திருந்து ஆடியவருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர்தான் சந்த் என்றும், அதுவே நிரந்தரப் பெயராக ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வார்கள்.

சிறிய உருவம் எப்படி பலமானது?

இந்தக் கதையில் முக்கியமான இடம் இது. அந்தக் கால ஹாக்கியை இன்று டிவியில் பார்க்கும் ஆட்டத்தோடு ஒப்பிட முடியாது. செயற்கை இழைத் தரை கிடையாது. புல்தரை, அதுவும் மேடு பள்ளத்தோடு. பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. ஐரோப்பிய அணிகளின் வழி என்னவென்றால், உடல் பலத்தில் ஓங்கி அடிப்பது, பந்தை நீளமாகத் தள்ளிவிட்டுப் பின்னால் ஓடுவது.

தயான் சந்த் ஆஜானுபாகு கிடையாது. நடுத்தரத்துக்கும் குறைவான உருவம், ஒல்லியான உடம்பு. ஜெர்மானிய டிஃபெண்டர்கள் பக்கத்தில் நின்றால் சின்னப் பையன் மாதிரிதான் தெரிவார். மோதினால் விழப்போவது அவர்தான். அப்போ என்ன செய்வது?

மோதாமல் ஆடுவது. பந்தை ஸ்டிக்கிலிருந்து விலகவிடாமல் வைத்துக்கொள்வது. எதிராளி பக்கத்தில் வரும் கடைசி நொடியில் திசை மாற்றுவது, அல்லது கூட இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு நழுவுவது. உருவம் சிறியது என்பதால் குனிவதும் திரும்புவதும் வேகமாக நடந்தது. குறையாகத் தெரிந்தது அங்கே ஆயுதமானது.

அப்போது அணிகள் ஐந்து முன்கள வீரர்களோடு ஆடும். நடுவில் நிற்பவர் சென்டர் ஃபார்வர்டு. தயான் சந்தின் இடம் அதுதான். கோல் அடிப்பது மட்டும் அவர் வேலை இல்லை. எதிரணியின் இரண்டு மூன்று பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காலியாக நிற்கும் நண்பனுக்குப் பந்தைத் தள்ளிவிடுவார். அவருடன் ஆடியவர்கள் பெரிதும் மதித்தது கோல்களைவிட இந்தப் பாஸ்களைத்தான்.

பந்து ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்ததால்தான், உள்ளே காந்தம் இருக்கிறதா என்று ஸ்டிக்கை உடைத்துப் பார்த்தார்கள் என்ற கதை கிளம்பியது. ஒருமுறை நெதர்லாந்தில் என்பார்கள், இன்னொருமுறை வேறு நாட்டில் என்பார்கள். ஒரு நிமிடம் யோசித்தாலே இடிக்கிறது. ஹாக்கிப் பந்தில் இரும்பு கிடையாது, காந்தம் வைத்து என்ன பயன்? ஆனால் அப்படி ஒரு சந்தேகத்தை மக்கள் நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதே ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

முதல் வெளிநாட்டுப் பயணம்

1926-ல் இந்திய ராணுவ ஹாக்கி அணி நியூசிலாந்து கிளம்பியது. அதில் சிப்பாய் தயான் சந்துக்கும் இடம் கிடைத்தது. கப்பலில் கடல்கடந்து போவது ஒரு சாதாரண சிப்பாய்க்குக் கனவில்கூட வராத விஷயம்.

21 ஆட்டங்கள் ஆடியதில் 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. அணி அடித்த கோல்களில் பாதிக்கும் மேல் இந்த ஒருவருடையது. திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் பதவி உயர்வு கிடைத்தது. சிப்பாய்க்கு அடுத்த படி, அவ்வளவுதான். ஆனால் நாட்டின் ஹாக்கி வட்டாரம் அவர் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டது.

1928 ஆம்ஸ்டர்டாம்: வழியனுப்ப மூன்றே பேர்

1925-ல் குவாலியரில் இந்திய ஹாக்கி கூட்டமைப்பு உருவானது. அடுத்த மூன்றே ஆண்டில் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்ப முடிவு செய்தார்கள். வீரர்களைத் தேர்ந்தெடுக்க கல்கத்தாவில் மாகாண அணிகளுக்கு இடையே போட்டி நடத்தினார்கள். ஐக்கிய மாகாண அணிக்காக ஆடிய தயான் சந்த் சுலபமாகத் தேர்வானார்.

கேப்டன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஜெய்பால் சிங் முண்டா. பின்னாளில் பழங்குடி மக்களின் உரிமைக்காக அரசியல் நிர்ணய சபையில் குரல் கொடுத்தாரே, அவரேதான்.

பம்பாய் துறைமுகத்தில் அணியை வழியனுப்ப வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஹாக்கி கூட்டமைப்பின் நிர்வாகிகள், ஒருவர் பத்திரிகையாளர். நாட்டுக்கு இவர்கள் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை.

ஆம்ஸ்டர்டாமில் நடந்ததோ வேறு. ஆஸ்திரியா மேல் 6, பெல்ஜியம் மேல் 9, டென்மார்க் மேல் 5, சுவிட்சர்லாந்து மேல் 6 கோல்கள். இறுதிப்போட்டிக்கு முன்னால் அணியில் பலருக்குக் காயம், காய்ச்சல். தயான் சந்துக்கும் உடம்பு சரியில்லை. ஆனாலும் களமிறங்கினார். சொந்த மண்ணில் ஆடிய நெதர்லாந்தை இந்தியா 3-0 என்று வென்றது.

ஐந்து ஆட்டங்கள், 29 கோல்கள். இந்தியா விட்டுக்கொடுத்த கோல் எத்தனை தெரியுமா? பூஜ்யம்! தயான் சந்த் மட்டும் 14 கோல். இந்தியா வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் இது. போகும்போது மூன்று பேர் நின்ற பம்பாய் துறைமுகத்தில் வரும்போது பெரும் கூட்டம்.

1932 லாஸ் ஏஞ்சலஸ்: அண்ணன் தம்பி ஜோடி

அடுத்த ஒலிம்பிக் நேரத்தில் தயான் சந்தின் படைப்பிரிவு வடமேற்கு எல்லையில் இருந்தது. தேர்வுப் போட்டியில் ஆட அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பரவாயில்லை, அவரைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்று கூட்டமைப்பு நேரடியாகத் தேர்ந்தெடுத்தது.

இந்தமுறை தம்பி ரூப் சிங்கும் அணியில். அண்ணனைவிடப் பலமாக அடிக்கக்கூடியவர். லால் ஷா புகாரி தலைமையில் அணி கப்பலேறியது. வழியில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியுடன் ஆடிப் பெரிய கோல் கணக்கில் ஜெயித்துவிட்டு, ஒரு மாதத்துக்கும் மேலான கடல் பயணத்துக்குப் பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

உலகப் பொருளாதாரமே படுத்துக்கிடந்த நேரம். செலவுக்குப் பயந்து பல நாடுகள் வரவில்லை. ஹாக்கிக்கு வந்தது மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அதாவது கடைசி இடம் பிடித்தாலும் வெண்கலம் உறுதி! ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் இந்தியா வீழ்த்தியது. அந்த 24-ல் ரூப் சிங் 10, தயான் சந்த் 8.

தங்கம் கிடைத்தது. ஆனால் கையில் பணம் இல்லை. பயணச் செலவை ஈடுகட்ட, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராகக் காட்சிப் போட்டிகள் ஆடிவிட்டுத்தான் அணி வீடு திரும்பியது. ஒலிம்பிக் சாம்பியன்கள் டிக்கெட் காசுக்காக ஆடினார்கள். அன்றைய நிலைமை அது.

கேப்டன் பதவி ஏன் தாமதமானது?

இரண்டு தங்கம் வென்றாகிவிட்டது. உலகின் சிறந்த வீரர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஆனாலும் கேப்டன் பதவி மட்டும் வரவில்லை. அந்தக் காலத்தில் கேப்டன் என்றால் விருந்துகளில் பேச வேண்டும், பெரிய மனிதர்களோடு ஆங்கிலத்தில் பழக வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆறாம் வகுப்புப் படித்த கீழ்நிலை சிப்பாய்க்கு அந்த நாற்காலி எளிதில் கிடைப்பதில்லை.

1935 நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணத்தில்தான் அந்தக் கதவு திறந்தது. அதுவும் மாணாவதர் நவாப் விலகிக்கொண்டதால்! நவாப் விட்டுக்கொடுத்த இடத்தில் சிப்பாய் உட்கார்ந்தார்.

விளைவு? 48 ஆட்டங்களில் இந்தியா 584 கோல்கள் அடித்தது. அதில் சுமார் 200 தயான் சந்துடையவை. அடிலெய்டில் கிரிக்கெட் மேதை டான் பிராட்மேன் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கிரிக்கெட்டில் ரன் எடுக்கிற மாதிரி இவர் கோல் அடிக்கிறாரே என்று வியந்ததாகச் சொல்வார்கள். அதன்பிறகு கேப்டன் பதவி பற்றி யாருக்கும் கேள்வி எழவில்லை.

1936 பெர்லின்: மூவர்ணக் கொடிக்கு ரகசிய வணக்கம்

பெர்லின் ஒலிம்பிக்குக்குத் தயான் சந்த்தான் கேப்டன். ஆனால் தொடக்கமே சறுக்கல். கிளம்பும் முன் டெல்லி அணியிடம் 4-1 என்று தோல்வி. கப்பலில் பிரான்ஸ் போய், மார்சேயிலிருந்து ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு பெர்லின் போய்ச் சேர்ந்தார்கள். ஜூலை 17 அன்று பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் அதே 4-1 தோல்வி.

கேப்டனுக்குத் தூக்கம் போனது. ஜெர்மானியர்கள் நான்கு வருடமாக இதற்காகவே தயாராகியிருந்தார்கள். முன்களத்தில் இன்னொரு நல்ல வீரர் வேண்டும் என்று இந்தியாவுக்குத் தகவல் பறந்தது. அலி இக்திதார் தாரா என்ற வீரர் விமானத்தில் அனுப்பிவைக்கப்பட்டார். அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டு வீரரை விமானத்தில் அனுப்புவது லேசான காரியமா என்ன?

போட்டி தொடங்கியதும் இந்தியா சுதாரித்துக்கொண்டது. ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0. அரையிறுதியில் தாரா வந்து சேர்ந்தார், பிரான்ஸை 10-0. இறுதிப்போட்டி யாருடன்? ஜெர்மனியுடன்தான்.

ஆகஸ்ட் 14 அன்று நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் 15-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. பயிற்சி ஆட்டத் தோல்வி எல்லோர் மனதிலும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் உதவி மேலாளர் பங்கஜ் குப்தா ஒரு காரியம் செய்தார். தன்னோடு கொண்டுவந்திருந்த காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு மைதானத்துக்குள் நுழைந்தார்கள்.

இது சாதாரண விஷயம் இல்லை. கேப்டன் பிரிட்டிஷ் ராணுவத்துச் சிப்பாய். ஜெயித்தால் ஏறப்போவது பிரிட்டிஷ் இந்தியக் கொடி. வெளியே தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. அப்படியிருந்தும் அந்த வணக்கம் நடந்தது. சரியாக 11 வருடம் கழித்து அதே ஆகஸ்ட் 15 சுதந்திர தினமானது, வரலாறு போட்ட முடிச்சு.

முதல் பாதியில் இந்தியாவுக்கு ஒரே கோல். மைதானம் ஈரம், ஷூ வழுக்கியது. இரண்டாம் பாதியில் தயான் சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு, ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியோடு ஆடினார் என்பார்கள். வெறுங்காலில் ஆடினார் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, அதற்குப் பிறகு கோல் மழைதான்.

தடுக்க வழி தெரியாத ஜெர்மானியர்கள் உடல் பலத்தைக் காட்டத் தொடங்கினார்கள். கோல் கீப்பர் வார்ன்ஹோல்ட்ஸ் மோதியதில் தயான் சந்தின் பல் உடைந்தது. சிகிச்சை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர், பதிலுக்கு மோதவில்லை. பந்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள் என்று தன் வீரர்களிடம் சொன்னாராம். இந்திய வீரர்கள் எதிரணி வட்டம்வரை பந்தைக் கொண்டுபோய், கோல் அடிக்காமல் திருப்பி எடுத்துவந்து வேடிக்கை காட்டினார்கள்.

முடிவு 8-1. தொடர் முழுக்க 38 கோல் அடித்த இந்தியா, வாங்கியது அந்த ஒன்றுதான். தயான் சந்துக்கு மூன்றாவது தங்கம்.

ஹிட்லர் கதை நிஜமா?

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் கதை இதுதான். ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோன ஹிட்லர், தயான் சந்தைக் கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருவதாகச் சொன்னார், அவர் மறுத்துவிட்டார் என்று போகும் கதை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு அந்தக் காலத்து ஆவணச் சான்று கிடையாது. இறுதிப்போட்டியன்று ஹிட்லர் அரங்கில் இருந்தாரா என்பதிலேயே சர்ச்சை உண்டு.

அதேபோல இறுதிப்போட்டியில் தயான் சந்த் 6 கோல் அடித்தார் என்று பல இடங்களில் எழுதுவார்கள். ஒலிம்பிக் பதிவுகளில் அவர் பெயரில் இருப்பது 3. மற்ற கோல்கள் தாரா, ரூப் சிங், டாப்செல், ஜாஃபர் ஆகியோருடையவை. வியன்னாவில் நான்கு கை, நான்கு ஸ்டிக்கோடு சிலை இருப்பதாகச் சொல்வதும் அப்படித்தான். தேடிப் போனவர்கள் யாரும் அந்தச் சிலையைப் பார்க்கவில்லை.

இந்தக் கதைகள் பொய் என்றால் தயான் சந்தின் பெருமை குறைந்துவிடுமா? இல்லவே இல்லை. மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து அவர் ஆடியது 12 ஆட்டங்கள். 12-லும் இந்தியா வென்றது. அவர் அடித்தது 30 கோல்களுக்கும் மேல். இதற்கு மேல் ஹிட்லரின் சான்றிதழ் எதற்கு?

போர் பறித்த இரண்டு ஒலிம்பிக்

1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் இரண்டாம் உலகப்போரால் ரத்தாகின. முதல் ரத்தின்போது தயான் சந்துக்கு 34 வயது. குறைந்தபட்சம் ஒரு தங்கத்துக்காவது வாய்ப்பு இருந்தது. அது போனது.

ராணுவத்தில் பதவி உயர்வும் நத்தை வேகம்தான். மூன்று தங்கம் வென்ற பிறகு, 1938-ல்தான் வைஸ்ராய் கமிஷன் கிடைத்து ஜமேதார் ஆனார். போர்க்காலத்தில் லெப்டினன்ட்.

1947 கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு அழைப்பு வந்தது. அங்கிருந்த இந்தியர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: தயான் சந்த் வந்தால் மட்டும் அணியை அனுப்புங்கள். 42 வயதில் இளைஞர்களோடு சேர்ந்து கிளம்பினார். அந்தப் பயணத்தில் 60 கோல்களுக்கு மேல் அடித்தார். அவரோடு ஆடிய கே.டி.சிங் பாபு, அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் துணை கேப்டன். அங்கே சுதந்திர இந்தியா, பிரிட்டனையே 4-0 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. தயான் சந்த் அந்த அணியில் இல்லை. ஆனால் அந்த வெற்றிக்கு அடித்தளம் போட்டவர்களில் முதல் ஆள் அவர்தான்.

சென்னையில் வெளியான சுயசரிதை

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு தகவல். தயான் சந்தின் சுயசரிதையான கோல், 1952-ல் வெளியானது நம்ம சென்னையில்தான். ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்ற விளையாட்டுப் பத்திரிகை வெளியிட்டது. புத்தகம் முழுக்க அடக்கமான நடை. தான் ஒரு சாதாரண மனிதன், தான் ஒரு சிப்பாய் என்ற நினைப்பு கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

1956-ல், 34 வருட சேவைக்குப் பிறகு மேஜராக ஓய்வு பெற்றார். அதே வருடம் பத்மபூஷண் விருது கிடைத்தது. பிறகு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தார்.

கடைசி நாட்கள்: மறந்துபோன நாடு

ஓய்வுக்குப் பிறகு ஜான்சிக்குத் திரும்பினார். குறைந்த ஓய்வூதியம், பெரிய குடும்பம். பணத்துக்குச் சிரமம்தான். ஒருமுறை அகமதாபாத்தில் ஒரு போட்டியைப் பார்க்கப் போனபோது, இவர் யார் என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லப்படுவதுண்டு.

நடுவில் ஒரு சந்தோஷம். 1975-ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர் அவருடைய மகன் அசோக் குமார். ஆண்கள் ஹாக்கியில் இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பை அது.

அடுத்த வருடமே அடி விழுந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. புல்தரையில் பழகிய இந்தியாவுக்கு ஏழாவது இடம். ஆண்கள் ஹாக்கியில் 1928 முதல் அதுவரை ஒருமுறைகூடப் பதக்கமில்லாமல் திரும்பாத நாடு வெறுங்கையோடு வந்தது. மூன்று தங்கம் வென்றவர் உயிரோடு இருந்து அதைப் பார்க்க நேர்ந்தது.

கல்லீரல் புற்றுநோய் அவரைப் பிடித்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் சேர்த்தார்கள். 1979 டிசம்பர் 3 அன்று, 74 வயதில், மயக்க நிலையிலேயே உயிர் பிரிந்தது.

உடல் ஜான்சிக்கு வந்தது. தான் ஆடிய ஹீரோஸ் மைதானத்திலேயே தகனம் செய்ய வேண்டும் என்பது அவரை நேசித்தவர்களின் விருப்பம். அதற்கு அனுமதி வாங்குவதிலும் முதலில் சிக்கல் வந்ததாகச் சொல்வார்கள். ஒருவழியாக, எந்த மண்ணில் பந்தை உருட்டினாரோ அதே மண்ணில், ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

இறந்த பிறகு வந்த மரியாதைகள்

மறைந்த மறுவருடம், 1980-ல், தபால்தலை வெளியானது. 2002-ல் டெல்லி தேசிய மைதானத்துக்கு அவர் பெயர். அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். 2021 ஆகஸ்ட்டில், டோக்கியோவில் இந்திய ஆண்கள் அணி 41 வருடம் கழித்து ஒலிம்பிக் பதக்கம் வென்ற மறுநாள், நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கு மேஜர் தயான் சந்த் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் பாரத ரத்னா? அந்தக் கோரிக்கை பல வருடமாக இருக்கிறது. விளையாட்டு வீரர்களில் முதல் பாரத ரத்னா சச்சின் டெண்டுல்கருக்குப் போனது, 2014-ல் வழங்கப்பட்டது. தயான் சந்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜான்சி ரொம்ப தூரம். ஆனால் ஹாக்கி தூரம் இல்லை. அடுத்த மாவட்டத்துக் கோவில்பட்டிக்கு ஹாக்கி ஊர் என்றே பெயர். தலைமுறை தலைமுறையாக மட்டை பிடித்த ஊர் அது, இப்போது செயற்கை இழை மைதானமும் இருக்கிறது. அந்த ஊரின் மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். இருவரும் எளிய குடும்பத்துப் பையன்கள்.

இன்றைக்கும் பல இடங்களில் அணி தேர்வு நடக்கும்போது, முதலில் பார்ப்பது உயரத்தையும் உடம்பையும்தான். சின்னதாக இருக்கும் பையனோ பெண்ணோ பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட, ஒல்லியான, 17 வயதுக்கு மேல் முறையாக ஆடக் கற்றுக்கொண்ட ஒருவர் உலகத்தையே மூன்றுமுறை ஜெயித்த கதை.

அந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. வெற்றி ஊர்வலத்துக்கு வரும் கூட்டம் மருத்துவமனை வாசலுக்கு வருவதில்லை. ஆகஸ்ட் 29 அன்று மைதானத்தில் உறுதிமொழி எடுக்கும்போது, இந்த இரண்டாவது பாதியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.

ஒரே பார்வையில் தயான் சந்த்

- 1905 ஆகஸ்ட் 29: அலகாபாத்தில் பிறப்பு
- 1922: சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார்
- 1926: நியூசிலாந்துக்கு முதல் வெளிநாட்டுப் பயணம்
- 1928, 1932, 1936: ஒலிம்பிக் தங்கங்கள், மூன்றாவது கேப்டனாக
- 1947-48: 42 வயதில் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணம்
- 1952: சென்னையில் சுயசரிதை வெளியீடு
- 1956: மேஜராக ஓய்வு, பத்மபூஷண்
- 1979 டிசம்பர் 3: டெல்லியில் மறைவு
- 2021: கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயர்